காசு ஓட்டை இல்லாத பெட்டிகள்

முதலில் முகர்ந்துதான் பார்ப்பாள். சிரம்பான் லோபாக்கில் உள்ள பழைய சாமான் கடையில், ஓடாத மின்விசிறிகளுக்கும் மூடி தொலைந்த குக்கர்களுக்கும் நடுவே குந்தி உட்கார்ந்து, ஒரு கறுப்புப் பெட்டியைத் தூக்கி, அதன் முதுகிலுள்ள காற்றுத் துளைகளில் மூக்கை வைத்து நன்றாக ஓர் இழுப்பு இழுப்பாள். கண் மூடியிருக்கும். கடைக்காரச் சீனர் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்.

"கரப்பான்" என்று அவள் சொன்னால் உள்ளே கரப்பான்பூச்சி குடும்பம் நடத்தியிருக்கிறது, கழுவிவிடலாம். "மழை" என்றால் தண்ணீர் ஏறியிருக்கிறது, பிரித்துக் காயவைத்துப் பார்க்கலாம். "கருவாடு" என்றால் உள்ளே ஏதோ ஒரு சின்னப் பாகம் கசிந்து நாறுகிறது, அதை மாற்ற வேண்டும். மூக்கை எடுத்துவிட்டு ஒன்றுமே சொல்லாமல் பெட்டியைக் கீழே வைத்தாளானால் அது செத்துப்போயிற்று என்று அர்த்தம். சீனரும் மறுபேச்சில்லாமல் அதைத் தூக்கிப் பழைய இரும்புக் குவியலில் எறிந்துவிடுவார்.

பெயர் மரியகொரெட்டி. சுவா என்ற ஊருக்கு உள்ளே ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆலையில், பால் பரிசோதனை அறையில் வேலை. வரும் பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அளந்து சொல்வது அவள் பொறுப்பு. வாளியில் தண்ணீர் கலந்து கொண்டுவரும் ஆசாமிகள் அவள் இருக்கும் பக்கம் வரவே பயப்படுவார்கள். வயது முப்பத்து நான்கு. குள்ளம், அகலமான தோள், நெற்றியில் எப்போதும் ஒரு கோடு. சிரித்தால் அந்தக் கோடு போய்விடும், ஆனால் அதைப் பார்க்க நாம் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும். அவள் சேர்ப்பது, தொலைக்காட்சியோடு ஒயரை மாட்டி விளையாடும் வீடியோ கேம் பெட்டிகளை. புதியவற்றை அல்ல. ஊரார் அலுத்துப்போய், பரணில் போட்டு, பிறகு பரணிலிருந்தும் எறிந்துவிட்ட பழையவற்றை.

நான் அந்தக் கடைக்குப் போனது ஒரு மின்விசிறி இறக்கை தேடி. இறக்கை கிடைக்கவில்லை. ஒரு பெண்பிள்ளை பெட்டியை முகர்ந்து பார்ப்பதைக் கண்டபின் மின்விசிறியாவது மண்ணாவது. பத்திரிகைக்கு எழுதுகிறவனுக்கு வெட்கம் இருக்கக் கூடாது. பக்கத்தில் போய் என்னம்மா வாசனை என்று கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்களே மோந்து பாருங்க சார், பாசார் மீன் கடை மாதிரி இருக்கும்," என்று பெட்டியை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். அப்படியேதான் இருந்தது. அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் பழக்கம்.

சேர்த்த கதையைக் கேட்டால் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிடுவாள். "எம்பத்தி மூணுல வெள்ளக்கார தொர சீமைக்கு திரும்பி போனாரு. பங்களாவுல எல்லா சாமானையும் வெளிய வச்சு வித்தாங்க, எல்லாரும் கட்டில் பீரோன்னு தூக்குனாங்க, நான் இத தூக்குனேன்." 'இது' என்பது முன்பக்கம் மரப்பலகை வைத்த அட்டாரி என்ற விளையாட்டுப் பெட்டி. பதினெட்டு வயதில் வாங்கிய அவளுடைய முதல் மாதச் சம்பளம் அதற்குத்தான் போயிற்று. அப்பா அந்தோணிதாஸ், அப்போது தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்தவர், ரேடியோ என்று நினைத்து ஒரு வாரம் வரை அதில் பாட்டு வரும் என்று காத்திருந்தாராம். இன்றைக்கும் விருந்தாளிகளிடம் இதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

இப்போது கூடத்தில் ஒரு சுவர் முழுக்க அடுக்குப் பலகை. எழுபதுகளின் பந்து விளையாட்டுப் பெட்டி ஒன்று, இரண்டு குமிழ்கள் மட்டும் உள்ளது. டெலிபோன் போல எண்கள் பதித்த கைப்பிடியோடு ஒன்று. சிவப்பும் வெள்ளையுமாக மைக்ரோ ஜீனியஸ் பெட்டிகள் மூன்று. பிளாஸ்டிக் துப்பாக்கிகள், ஒடிந்து ஒட்டப்பட்ட ஸ்டியரிங், குரோசின் வாசம் போகாத ஒரு பை நிறைய, பெட்டியில் செருகுகிற கேம் கட்டைகள். எவனாவது நல்லெண்ணத்தில் போன வருடத்துச் சாமானைக் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கி உள்ளறையில் வைத்துவிடுவாள். "இது இன்னும் பழுக்கல லா," என்பாள்.

அவளிடம் எனக்கு மிகப் பிடித்த விஷயம் இனிதான் வருகிறது. பழைய அட்டாரியில் பிடித்து ஆடுகிற ஜாய்ஸ்டிக்குக்கு, அதாவது ஆட்டுகோலுக்கு, அடியில் கறுப்பு ரப்பரில் ஒரு பாவாடை இருக்கும். எங்கே செய்ததானாலும் பத்து வருடத்தில் அது வெடித்துக் கிழிந்துவிடும். உலகம் முழுக்க இந்தப் பெட்டியைச் சேர்ப்பவர்கள் எல்லாருக்கும் இதே தலைவலியாம். நம்முடைய மரியகொரெட்டி உட்கார்ந்திருப்பதோ ரப்பர்த் தோட்டத்தில். கித்தா என்கிற ரப்பர் மரக் கட்டையிலேயே ஓர் அச்சு கடைந்து வைத்திருக்கிறாள். கந்தகமும் கரித்தூளும் கலந்த பாலில் அதை முக்கி, தூக்கி, காயவிட்டு, மறுபடி முக்கி, சூட்டடுப்பில் வைத்து எடுத்தால் புதுப் பாவாடை தயார். சீமையிலிருந்து வந்ததைவிட உழைக்கிறது. பொத்தானை அமுக்கியும் வேலை செய்யவில்லையா, ரப்பர் அடிப்பாகத்தில் பென்சில் கரியை அழுத்தித் தேய்ப்பாள். பேட்டரி வைக்கும் இடம் பச்சை பிடித்துவிட்டதா, பாலை உறைய வைக்கும் அமிலத்தில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீர் விட்டு, பஞ்சால் தொட்டுத் துடைப்பாள். இதற்கெல்லாம் புத்தகம் படித்தாயா என்றேன். "எதுக்கு சார் புக்கு? நம்ம கிட்ட இருக்குற சாமான் என்ன செய்யும்னு நமக்கு தெரியாதா?"

இந்தப் பாவாடைக்காகவே சிரம்பானிலிருந்து காரில் வருகிறவர் ஒருவர் உண்டு. சொக்கப்பன், வட்டிக்கடைச் செட்டியார் குடும்பத்தில் மூன்றாம் தலைமுறை. அவரும் சேர்ப்பவர்தான். ஆனால் அவர் வீட்டில் எல்லாம் கண்ணாடிக்குள். அட்டைப் பெட்டி பிரியாமல், ஸ்டிக்கர் உரியாமல், விரல் ரேகை படாமல் இருக்க வேண்டும் அவருக்கு. தொட்டுப் பார்க்கலாமா என்று ஒரு தடவை கேட்டேன், கை கழுவிவிட்டு வரச் சொன்னார். கழுவிவிட்டு வந்தேன். அதற்குள் மனம் மாறிவிட்டது அவருக்கு.

மரியகொரெட்டி வீட்டில் நேர்மாறு. எந்தப் பெட்டியும் சும்மா கிடக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து, பசியாறி, ஒரு பெட்டியை இறக்குவாள். இந்த வாரம் இது, அடுத்த வாரம் அது என்று எல்லாவற்றுக்கும் முறை வரும். கூடத்தில் பாய் விரித்து, எந்த நாட்டு பிளக்கும் ஏறக்கூடிய நீண்ட எக்ஸ்டென்ஷன் ஒன்றை இழுத்துப் போடுவாள். தோட்டத்தில் யார் வேண்டுமானாலும் வரலாம். வாரம் தவறாமல் வருபவர் முத்தாயி. களைக்கு மருந்தடிக்கும் வேலை, ஐம்பதைத் தாண்டிவிட்டார், வெற்றிலை வாய். டாங்கி சுடும் விளையாட்டில் அவரை வெல்ல அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. என்னை மூன்று நிமிடத்தில் ஒழித்துக்கட்டினார். "வாத்தியாரே, செவுத்துல முட்டிக்கிட்டே நிக்கிறீங்க. ரிவர்ஸ் எடுங்க," என்று புத்திமதி வேறு. நான் வாத்தியார் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். கண்ணாடி போட்டவன் எல்லாம் அவருக்கு வாத்தியார்தான்.

ஆட்டம் நடக்கும்போது மரியகொரெட்டி திரையைப் பார்ப்பதில்லை. ஆடுகிறவர் முகத்தைப் பார்ப்பாள், அதுவும் தோற்கிற கட்டத்தில். ஏன் என்று கேட்டதற்கு அவள் சொன்னது: "ஜெயிக்கும்போது எல்லாருக்கும் ஒரே மூஞ்சி சார். தோக்கும்போதுதான் ஆளு வெளிய வருவான்."

இது சும்மா சொன்ன வார்த்தை அல்ல. அவளைப் பெண் பார்க்க வந்தவர்களை எல்லாம் அவள் இதே பாயில்தான் உட்கார வைத்தாள். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கட்டும், நாம் ஒரு ஆட்டம் போடலாம் வாங்க என்பாள். முதலில் வந்தவர் போர்ட்டிக்சனில் கடை வைத்திருப்பவர். தோற்றதும் ஆட்டுகோலைப் பாயில் எறிந்தார். "பொறுப்பா வச்சிருக்க தெரியாத கை," என்று அவள் சொன்னதோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது. இரண்டாமவர் படித்தவர், மரியாதைக்காரர், அவளைச் சந்தோஷப்படுத்தலாம் என்று வேண்டுமென்றே தோற்றார். அதில்தான் அவளுக்கு இன்னும் கோபம். "என்னைய சின்ன பாப்பான்னு நெனச்சிட்டாரு. நாளைக்கு வீட்லயும் இப்படித்தான், எல்லாத்துக்கும் சரி சரின்னுட்டு பின்னால போய் வேற செய்வாரு." அந்தோணிதாஸ் தலையில் அடித்துக்கொண்டார். ஊர் என்ன பேசியிருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. பொம்மை வைத்து விளையாடுகிற கிழவிக்கு எவன் கிடைப்பான் என்று அவள் காது படவே சொன்னார்கள். அவளுக்கு அது வலித்தது. "வலிக்காம என்ன சார், எனக்கும் ஒரு ஊடு, ஒரு ஆளு, ரெண்டு புள்ளைங்க வேணும்னு இருக்காதா?" என்று ஒருநாள் பிளக்கைத் திருகிக்கொண்டே சொன்னாள். சொல்லிவிட்டு ஸ்க்ரூ டிரைவர் எங்கே என்று என்னைக் கேட்டாள். அது அவள் மடியில்தான் இருந்தது.

மூன்றாவதாக வந்தவன் ஹரோல்ட். பெடாஸ் ஊர்க்காரன், செனவாங் தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறான். வயது முப்பத்தேழு. உயரம், கூச்சம், கைகள் மட்டும் ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துப் பெரிதாகிவிட்டவை. அந்தக் கைக்குள் ஆட்டுகோல் ஒரு பச்சை மிளகாய் போலத் தெரிந்தது. தோற்றான். மறுபடியும் தோற்றான். எறியவுமில்லை, வழியவுமில்லை. ஒவ்வொரு தடவையும் திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது எப்படி போச்சு? இன்னொரு தடவ ஆடலாமா?" என்று கேட்டான். அவர்கள் போன பிறகு மரியகொரெட்டி முத்தாயியிடம் சொன்னாளாம்: "எனக்கு இவர புடிச்சிருச்சு க்கா." முத்தாயி அதைத் தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டார். அவர் வாயில் வெற்றிலை நிற்கும், சொல் நிற்காது.

எல்லாம் கூடிவந்த நேரத்தில் ஒரு நிபந்தனை வந்தது. ஹரோல்டின் அக்காள் விக்டோரியா சொல்லியனுப்பினாள். தாய் இறந்த பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் அவள். தனக்கென்று ஒன்றும் செய்துகொள்ளாமல் பால் வடிய ரப்பர் மரம் வெட்டிக் காப்பாற்றியவள். பெண்ணைப் பிடித்திருக்கிறது, குடும்பமும் நல்ல குடும்பம், ஆனால் அந்த மெஷின்கள் ஒன்றுகூடத் தங்கள் வீட்டுக்கு வரக் கூடாது. எல்லாவற்றையும் ஒழித்துவிட்டு வந்தால் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கச் சொல்லலாம். ஹரோல்ட் என்ன சொன்னான் என்றால், ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் மரியகொரெட்டியை உறுத்தியது. "அக்கா சொன்னது பரவால்ல. அவரு வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றாள் என்னிடம்.

செய்தி சிரம்பானுக்கும் எட்டிவிட்டது. சொக்கப்பன் மறுவாரமே காரில் வந்து இறங்கினார். எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொள்வதாகவும், ஒரு கீறல் விழாமல் காப்பதாகவும், வேண்டும்போது வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். மனுஷர் நல்ல மனதோடுதான் சொன்னார், அதையும் எழுதிவிட வேண்டும். அந்தோணிதாஸ் மகளைக் கெஞ்சாத குறை. "வயசு ஏறிக்கிட்டே போவுதுமா. பொட்டிக்காக ஒரு நல்ல பையன விடுவியா?" அவள் ரொம்ப நேரம் அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. பிறகு செட்டியாரிடம், "உங்க கண்ணாடிக்குள்ள போனா அதுங்களுக்கு மூச்சு முட்டும் செட்டியாரே," என்றாள். அப்பாவிடம் சொன்னாள்: "நான் இதெல்லாம் வேணாம்னு சொல்லிட்டு போனா, அங்க போறது நானா இருக்க மாட்டேன்பா. வேற யாரோ ஒருத்திய கட்டி குடுத்த மாதிரி ஆயிடும். அந்த அக்காவ வர சொல்லுங்க. என்ன பயம்னு அவங்க வாயால கேட்டுக்கறேன்." தைரியம் என்றால் அது. அவள் நிலைமையில் நானாக இருந்தால் பாதிப் பெட்டியைக் கொடுத்துப் பேரம் பேசியிருப்பேன்.

வந்தார்கள். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் பிறகு. நானும் இருந்தேன், என்னை அந்தோணிதாஸ் சாட்சிக்கு அழைத்திருந்தார், முத்தாயி யாரும் அழைக்காமலே வந்திருந்தார். விக்டோரியா ஒல்லியான, வெயிலில் காய்ந்த பெண்மணி. நாற்காலியின் முனையில், கைப்பையை மடியில் இறுக்கி உட்கார்ந்தாள். கண் அடுக்குப் பக்கமே போகவில்லை. பெரியவர்கள் மழை, வேலை, கோயில் சாமியார் மாற்றம் எல்லாம் பேசி முடித்த பிறகு, மரியகொரெட்டி நேராகக் கேட்டாள். "அக்கா, இதுங்க மேல உங்களுக்கு என்ன கோவம்?"

விக்டோரியா சுற்றி வளைக்கவில்லை. "எங்கப்பா சிரம்பான் கிளப்புல காசு போட்டு ஜாக்போட் மெஷின் ஆடுவாரு. சம்பளத்து அன்னைக்கு போனா விடிஞ்சாதான் வருவாரு. நானும் இவனும் கேட்டுக்கு வெளியில நிப்போம். உள்ள லைட்டு மின்னும், சத்தம் கேக்கும், டிங் டிங்னு. அந்த மெஷின் முன்னால ஒக்காந்தவரு ஊட்டுக்கு முழுசா வந்ததே இல்ல. சாகறப்பகூட கை அந்த பிடிய இழுக்கற மாதிரி இழுத்துச்சு. இவன் சின்ன புள்ள, மறந்துட்டான். நான் மறக்கல." கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டாள். "மெஷின்னா மெஷின்தான் மா. சின்னதோ பெருசோ."

முத்தாயிகூட வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டார். ஹரோல்ட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இத்தனை நாள் ஏன் வாய் திறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மரியகொரெட்டி எழுந்து அந்த மரப்பலகை வைத்த அட்டாரியை எடுத்துவந்தாள். விக்டோரியாவின் காலடியில் உட்கார்ந்து, பெட்டியை அவள் மடியில், கைப்பையின் மேலேயே வைத்தாள். "நல்லா பாருங்க க்கா. இந்த பெரிய ஓட்ட, கேம் கட்ட சொருகறதுக்கு. இது கரண்டுக்கு. பின்னால இந்த ரெண்டும் பிடி மாட்டறதுக்கு. இந்த ஒயரு டிவிக்கு. அவ்வளவுதான். காசு போட ஓட்டையே இல்ல. ஜெயிச்சாலும் ஒன்னும் வெளிய வராது, தோத்தாலும் ஒன்னும் உள்ள போவாது." பெட்டியைக் குப்புறக் கவிழ்த்தும் காட்டினாள்.

விக்டோரியா நம்பவில்லை. தானே விரலால் தடவினாள், முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம். மரம் வெட்டும் உளி பிடித்துக் காய்ப்பேறிய விரல் ஒவ்வொரு ஓட்டையாக நின்று நின்று போயிற்று. கடைசியில், "காசு போவாது. சரி. நேரம் போவுமே?" என்றாள். குரலில் முன்பிருந்த இறுக்கம் இல்லை.

"போவும் க்கா. ஞாயித்துக்கெழம மட்டும் போவும்," என்றாள் மரியகொரெட்டி.

இங்கேதான் ஹரோல்ட் காரியத்தைக் கெடுத்தான். அக்காள் கொஞ்சம் இளகியதைக் கண்டதும் பையனுக்குத் தலைகால் புரியவில்லை. ஏதாவது ஒன்றை ஓடவைத்து அவளிடம் காட்டிவிட வேண்டும் என்று எழுந்தான். அடுக்கில் தனியாக, ஒரு சின்ன டிவியோடு, ஜப்பானியப் பெட்டி ஒன்று இருந்தது. செனவாங்கில் வேலை பார்த்த ஜப்பான் எஞ்சினியர் ஒருவர் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. அவர் குடியிருந்த வீட்டு வாசலுக்கு மாதக்கணக்கில் நடந்து அதை வாங்கியிருந்தாள் மரியகொரெட்டி. அவர்கள் நாட்டில் மின்சார அழுத்தம் நம்முடையதில் பாதிகூட இல்லை. அதனால் நடுவில் ஒரு கனத்த இரும்புப் பெட்டி வைத்து, கரண்டைக் குறைத்துத்தான் அதை ஓட்ட வேண்டும். ஆபத்து, தொடாதே என்பதற்காக அதன் ஒயரில் சிவப்பு ரிப்பன் கட்டிவைத்திருந்தாள். ஹரோல்டின் பஸ் முன்கண்ணாடியிலும் இதே மாதிரி சிவப்புத் துணி ஒன்று தொங்கும், கண்ணேறு படாமல் இருக்க. புதிதாய் வந்த அருமைச் சாமானுக்குத் திருஷ்டி கழித்துக் கட்டியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். ரிப்பன் அவிழாமல் பக்குவமாக ஒயரைப் பிரித்து, அந்த இரும்புப் பெட்டியை விட்டுவிட்டு நேராக எக்ஸ்டென்ஷனில் செருகி, சுவிட்சைப் போட்டான்.

பட்டென்று ஒரு சத்தம். ஒயர் நுனியிலிருந்த அடாப்டர் கட்டையிலிருந்து புகை கிளம்பிக் கூடம் முழுக்கப் பரவியது. மரியகொரெட்டி ஒரே தாவலில் போய் சுவிட்சை அணைத்தாள். கறுத்துப்போன கட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஜப்பானியப் பெட்டியின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தாள். உள்ளே என்ன ஆயிற்று என்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். அவள் முகத்தில் அந்த நெற்றிக் கோடு இதுவரை நான் பார்க்காத ஆழத்துக்கு இறங்கியிருந்தது. அந்தோணிதாஸ் வாய்க்குள் "போச்சு" என்றார். பெட்டியைச் சொன்னாரா சம்பந்தத்தைச் சொன்னாரா தெரியாது.

முதலில் பேசியது விக்டோரியா. தம்பி அடிபட்டால் ஓடிவருகிற பழக்கம் அவளுக்கு. "பழைய சாமான் தானே. அதுவா போச்சு. நீ என்ன பண்ணுவ, வா இந்த பக்கம்," என்றாள்.

ஹரோல்ட் வரவில்லை. புகைக்குள்ளேயே நின்றான். "அதுவா போகல க்கா. நான்தான் கேக்காம சொருகுனேன். ரிப்பன பாத்துட்டு என்னமோ நெனச்சுக்கிட்டேன்." பிறகு மரியகொரெட்டி பக்கம் திரும்பினான். "எது எரிஞ்சிச்சுன்னு எனக்கு காட்டுங்க. அடுத்த தடவ எந்த ஒயர எங்க சொருகணும்னு தெரிஞ்சுக்கணும்." அவள் திரையைப் பார்ப்பதில்லை என்று சொன்னேன் அல்லவா, இப்போதும் எரிந்ததைப் பார்க்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனுக்கு வியர்த்துவிட்டது. பெரிய கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் காற்சட்டையில் துடைத்தான். அக்காளைப் பார்க்காமல், அக்காளுக்குத்தான் சொன்னான். "நம்ம ஊட்ல பின்னால ரூம் சும்மாதான் கெடக்கு க்கா. அது இவங்களுக்கும் இந்த சாமானுங்களுக்கும். நான் கூட்டி வைக்கிறேன். அப்பா பண்ணத நான் பண்ண மாட்டேன். ஆனா இவங்க இல்லாம என்னால முடியாது." அவ்வளவு நீளமாக அவன் அதற்கு முன் பேசியதே இல்லை என்று பின்னால் விக்டோரியாவே என்னிடம் சொன்னாள்.

மழை வரும்போல் இருந்தது. ஜன்னல் வழியாகப் புகை மெல்ல வெளியேறிக்கொண்டிருந்தது. விக்டோரியா மடியிலிருந்த அட்டாரியை இன்னும் இறக்கி வைக்கவில்லை. அதன் மரப்பலகையை ஒரு தடவை தடவினாள். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு யாரையும் பார்க்காமல், கொஞ்சம் சலிப்பு போலச் சொன்னாள்.

"அந்த ரூம்பு சின்னது. ஜன்ன பக்கம் சாரல் அடிக்கும். எதிர் பக்கத்து செவுத்துலதான் வைக்கணும்."

முத்தாயி உதட்டில் விரலை வைத்து என்னைப் பார்த்தார். அந்தோணிதாஸ் மகளைப் பார்த்தார். மரியகொரெட்டி அடுக்கின் முன்னால் போய் முழங்காலிட்டாள். இடது ஓரத்தில் கட்டைவிரலை ஊன்றி, சுண்டுவிரலை விரித்து, பலகை எத்தனை சாண் வருகிறது என்று உதடு அசைய அளக்க ஆரம்பித்தாள்.